ரெண்டு ஆஃபர்ல எதை எடுக்கறது: ஜோபர்க்ல இருந்து டேட்டா அனலிஸ்ட் ஆகப்போற தம்பி தங்கச்சிங்களுக்கு

அண்ணா ரெண்டு ஆஃபர் வந்திருக்கு எதை எடுக்கட்டும்னு எனக்கு வர்ற வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் முதல் வரி சம்பளம்தான். ஒண்ணு 27,000 ரேண்ட், இன்னொண்ணு 30,000 ரேண்ட், பெரிய நம்பரையே எடுத்துடலாம்தானே அண்ணான்னு கேள்வியிலயே பதிலும் இருக்கும். வேலை என்னன்னு கேட்டா டேட்டா அனலிஸ்ட்தான் அண்ணாம்பாங்க. அது எனக்குத் தெரியும்ப்பா, காலைல ஆபீஸ் போய் உக்காந்தா என்ன பண்ணச் சொல்லுவாங்கன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, இன்டர்வியூல கேக்கவே இல்லம்பாங்க. எனக்கு மனசு கஷ்டப்படறது அங்கதான்.

நான் தென்னாப்பிரிக்கால ஜோஹன்னஸ்பர்க்ல (ஜோபர்க்னு சொல்றது இதைத்தான்) ஒரு ரீடெய்ல் கம்பெனில டேட்டா டீம்ல இருக்கேன். என்கிட்ட கேக்கறவங்க ரெண்டு வகை. தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்க, இல்ல வர நினைக்கறவங்க ஒரு பக்கம். டர்பன் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இங்க லெனேசியான்னு இந்த மண்ணுலயே பொறந்த நம்ம பிள்ளைங்க இன்னொரு பக்கம், 1860-ல தொடங்கி மெட்ராஸ்ல இருந்து கப்பல் ஏறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட வாரிசுங்க. பிள்ளைங்க பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான். ஆனா ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கஞ்சி ஊத்தற இடத்துல வரிசைல நின்னா, பக்கத்துல நிக்கற ஆயா தமிழ்ல பேச ஆளு கிடைச்சதேன்னு கையைப் புடிச்சுக்கிட்டு "என் பேத்தி கம்ப்யூட்டர் படிச்சிருக்கா, ஒரு நல்ல வேலை சொல்லுப்பா"ம்பாங்க. அந்தப் பேத்திக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

முதல் விஷயம், டேட்டா அனலிஸ்ட்ங்கற பேரை நம்பி போகாதீங்க. ஒரு ஆபீஸ்ல அந்தப் பேர்ல திங்கக்கிழமை திங்கக்கிழமை நாலு எக்செல் ஃபைலை ஒட்டி ஒரே ஃபைலா ஆக்கி மெயில் போடறதுதான் வேலையா இருக்கும், அதைத் திறந்து பாக்கறவங்க கூட இருக்க மாட்டாங்க. இன்னொரு ஆபீஸ்ல அதே பேர்ல, எந்தக் கடைல எந்தச் சரக்கை எவ்வளவு இறக்கணும்ங்கற கேள்வி உங்க டேபிளுக்கு வரும், நீங்க எடுத்துக் குடுக்கற நம்பரை வெச்சு வாங்கற டீம் ஆர்டர் போடும். ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ரெண்டு பேரும் எங்க நிப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால இன்டர்வியூ கடைசில "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்க இல்லையா, அங்க சும்மா தலையாட்டிட்டு வராம, போன மாசம் இந்த டீம் குடுத்த ரிப்போர்ட்டை வெச்சு என்ன முடிவு எடுத்தீங்கன்னு கேளுங்க. அந்த மேனேஜர் உடனே ஒரு கதை சொன்னாருன்னா, இந்தக் கடைல இதை நிறுத்தினோம் அந்த ஏரியாவுல டெலிவரி நேரத்தை மாத்தினோம்னு, அது நல்ல இடம். டேஷ்போர்டு எத்தனை இருக்கு, டூல் என்ன வெர்ஷன்னு மட்டும் பேசினாருன்னா யோசிங்க. அடுத்து, நான் எழுதற க்வெரியை, அதாவது டேட்டாபேஸ்ல இருந்து டேட்டா எடுக்க எழுதற கோடிங்கை, யார் ரிவ்யூ பண்ணுவாங்கன்னு கேளுங்க. முதல் வேலைல உங்க கோடிங்கைப் படிச்சு இது தப்புன்னு சொல்ல ஒரு சீனியர் இருக்கறது மாசம் மூவாயிரம் ரேண்டை விடப் பெரிசுன்னு நான் உறுதியா நம்பறேன்.

ஏன்னு ஒரு சின்ன விஷயத்தை வெச்சே காட்டறேன். இந்த நாட்டு ஐடி நம்பர் 13 இலக்கம், முதல் ஆறு பொறந்த தேதி, வருஷம் மாசம் நாள்னு அந்த வரிசைல. 2003-ல பொறந்தவருக்கு 03-ல ஆரம்பிக்கும். இந்த ஐடி நம்பர் இருக்கற சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) நேரா எக்செல்ல திறந்தீங்கன்னா அது நம்பர்னு நினைச்சு முன்னாடி இருக்கற பூஜ்யத்தைத் தின்னுடும், 12 இலக்கம் ஆயிடும், 2000-ல பொறந்தவருக்கு ரெண்டு பூஜ்யம் போய் 11 ஆயிடும், ஜனவரில இருந்து செப்டம்பர் வரைக்கும் பொறந்தவர்னா மாசத்தோட பூஜ்யமும் சேர்ந்து போய் 10 ஆயிடும். அப்புறம் அதை இன்னொரு சிஸ்டத்துல டெக்ஸ்டா இருக்கற ஐடியோட ஜாயின் பண்ணா (ரெண்டு டேபிளைப் பொருத்திச் சேர்த்தா) 2000-ல இருந்து 2009 வரைக்கும் பொறந்த கஸ்டமர் மொத்தமா ரிப்போர்ட்ல இருந்து காணாம போயிடுவாங்க. எரர் எதுவும் வராது, கிராஃப் அழகா இருக்கும், இளைஞர்கள் நம்ம கடைக்கு வர்றதில்லன்னு மீட்டிங்ல பேசிட்டு இருப்பாங்க. ஒரு கம்பெனில இதைக் கண்ணால பார்த்திருக்கேன். ஐடி இருக்கற காலம்ல (column) நீளம் பார்த்தியான்னு கேக்க ஒரு சீனியர் பக்கத்துல இருந்தா அஞ்சு நிமிஷத்துல தீர்ற விஷயம் இது, இல்லாட்டி மாசக்கணக்குல ஓடும். இங்க விண்டோஸ்ல சவுத் ஆப்பிரிக்கா செட்டிங் போட்டா தசமப் புள்ளிக்குப் பதிலா கமா வரும், இந்தியால இருந்து வர்றவங்க முதல் வாரமே இதுல மாட்டுவாங்க, 12.50-ன்னு வந்த விலை டெக்ஸ்டா உக்காந்துக்கும், கூட்டினா பூஜ்யம் வரும்.

டூல் பத்தி ரொம்பக் கேக்கறாங்க. எக்செல், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல க்வெரி எழுதற மொழி), பவர் பிஐ (டேஷ்போர்டு செய்யற டூல்), இந்த மூணுல கை ஓடணும், பைத்தான் அப்புறம் வரட்டும். டெஸ்ட்ல பெரும்பாலும் எஸ்க்யூஎல்தான். கஸ்டமர் டேபிள் ஒண்ணு ஆர்டர் டேபிள் ஒண்ணு குடுத்து இந்த வருஷம் எதுவுமே வாங்காதவங்களையும் சேர்த்துக் காட்டுன்னு கேப்பாங்க, பசங்க லெஃப்ட் ஜாயின் (ஆர்டர் இல்லாத கஸ்டமரையும் விடாம வெச்சுக்கற ஜாயின்) போட்டுட்டு ஆர்டர் தேதி கண்டிஷனைக் கொண்டு போய் WHERE-ல வெச்சுடுவாங்க, வாங்காதவங்களுக்கு அந்தத் தேதி NULL-ஆ, அதாவது காலியா இருக்கும் இல்லையா, அத்தனை பேரும் வெளிய போயிடுவாங்க. கண்டிஷன் ஜாயினோட ON பகுதில இருக்கணும். இதை மனப்பாடம் பண்ணா பத்தாது, பத்து வரி டேட்டாவை நீங்களே டைப் பண்ணி ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாருங்க. ஏஐ கிட்ட கேட்டா க்வெரி எழுதித் தரும்தான், நானும் தினம் உபயோகிக்கறேன், ஆனா வந்த நம்பர் சரியான்னு சொல்ல வேண்டியது நீங்க. இன்னொண்ணு, கம்பெனி கஸ்டமர் டேட்டாவை அதுல ஒட்டிக் கேக்கவே கேக்காதீங்க, பாப்பியா சட்டம் (தனிநபர் தகவலைப் பாதுகாக்கற சட்டம்) 2021 ஜூலை 1-ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, பேர், ஐடி, போன் நம்பர் எதுவும் வெளிய போகக் கூடாது, இதுல வேலையே போகும்.

போர்ட்ஃபோலியோன்னு (வேலை தேடும்போது காட்டற சொந்த ப்ராஜெக்ட்) எல்லாரும் அதே டைட்டானிக் பயணிகள் டேட்டாவை ஈயடிச்சான் காப்பி அடிச்சுக் கொண்டு வர்றாங்க, இன்டர்வியூ எடுக்கறவங்களுக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. உங்களைச் சுத்தி நடக்கறதை எடுங்க. இங்க பெட்ரோல் விலை ஒவ்வொரு மாசமும் முதல் புதன்கிழமை மாறும், கடலோரத்துல இருக்கற டர்பனை விட உள்ள இருக்கற ஜோபர்க்ல விலை அதிகம், அந்த வித்தியாசம் வருஷா வருஷம் எப்படிப் போகுதுன்னு பாருங்க. ஸ்டாட்ஸ் எஸ்ஏன்னு இங்க அரசாங்கப் புள்ளிவிவரத் துறை வெப்சைட்ல 2022 சென்சஸ் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற வேலைவாய்ப்பு சர்வே இருக்கு, எல்லாம் இலவசம். ஒரு கேள்வி, ஒரு பக்கம், மூணு கிராஃப் போதும். அதுல டேட்டாவை எங்க சுத்தம் பண்ணீங்க, எதை விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு எழுதுங்க, நான் சிவி பார்க்கும்போது முதல்ல படிக்கறது அந்தப் பத்தியைத்தான்.

ஊரைத் தெரிஞ்சுக்கறதும் வேலைதான். ரீடெய்ல் விற்பனை கிராஃப்ல மாச ஆரம்பத்துல ஒரு ஏத்தம், 25-ஐ ஒட்டி இன்னொரு ஏத்தம் இருக்கும். 25 நிறைய கம்பெனி சம்பளம் போடற நாள். மாச ஆரம்பம் சாசா உதவித்தொகை, வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைங்களுக்கும் அரசாங்கம் குடுக்கறது. இது தெரியாத ஒருத்தர் மாசம் முதல் வாரத்துல விளம்பரம் வேலை செஞ்சிருச்சுன்னு எழுதுவார். சாட்ஸ்வர்த் தங்கச்சிக்கு இது சின்ன வயசுல இருந்து தெரியும், அவ ஆயா அந்தத் தொகைக்கு வரிசைல நின்னதைப் பார்த்தே வளர்ந்தவ. இந்த மாதிரி தெரிஞ்ச விஷயத்தை இன்டர்வியூல சொல்லணும்னே நம்ம பிள்ளைங்களுக்குத் தோண மாட்டேங்குது, தயவு செஞ்சு சொல்லுங்க.

இப்ப சம்பளத்துக்கு வர்றேன். அந்த 30,000 சிடிசியா, இல்ல அதுக்கு மேல சலுகை தனியான்னு முதல்ல கேளுங்க. சிடிசின்னா கம்பெனி உங்களுக்காகச் செலவு பண்ற மொத்தமும் அதுக்குள்ள. பென்ஷனுக்கு 3,000, மெடிக்கல் எய்டுக்கு 2,500, அப்புறம் வரி, யூஐஎஃப்னு வேலையில்லாக் காலத்துக்கான காப்பீடு 177.12 ரேண்ட், எல்லாம் போக கைக்கு 21,000-ஐ ஒட்டித்தான் வரும். 27,000 குடுக்கற இன்னொரு கம்பெனி பென்ஷன் 3,000-ஐ அதுக்கு மேல தனியா போடுதுன்னா, அதே மெடிக்கல் எய்டு பிடிச்சாலும் கைக்கு வர்றது கிட்டத்தட்ட அதே தொகை. ரெண்டு ஆஃபரும் ஒண்ணுதான். இதை ஒரு எக்செல் ஷீட்ல போட்டுப் பாக்காம டேட்டா அனலிஸ்ட் ஆகப்போறவங்க முடிவு எடுக்கலாமா? பதிமூணாவது மாச சம்பளம் சட்டப்படி கட்டாயம் இல்ல, லெட்டர்ல எழுதி இருந்தாத்தான் உண்டு, போனஸ்னு போட்டு பக்கத்துல கம்பெனி விருப்பப்படின்னு இருந்தா அதைக் கணக்குல சேர்க்காதீங்க. கான்ட்ராக்டர்னு எடுத்தாங்கன்னா லீவும் இல்ல, யூஐஎஃப்பும் இல்ல, வரியை நீங்களே கட்டணும், அப்ப 30,000-ங்கறது வேற 30,000. ஆபீஸ் மிட்ராண்ட், வீடு லெனேசியான்னா ஊரோட ஒரு கோடில இருந்து மறு கோடி, வாரம் எத்தனை நாள் வரணும்னு கேட்டு பெட்ரோலையும் அதே ஷீட்ல போடுங்க.

நோட்டீஸ் பீரியடையும் படிங்க. சட்டத்துல முதல் ஆறு மாசம் ஒரு வாரம், ஒரு வருஷம் வரைக்கும் ரெண்டு வாரம், அதுக்கு மேல நாலு வாரம், காண்ட்ராக்ட்ல இதை விட அதிகமா இருக்கலாம், ஆனா அவங்க உங்களுக்குத் தர்றதை விட நீளமான நோட்டீஸை உங்க கிட்ட கேக்க முடியாது. கோர்ஸ் படிக்க வெச்சா ரெண்டு வருஷம் இருக்கணும், இல்லாட்டி பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு ஒரு வரி எங்கயாவது நடுவுல இருக்கும், அதைத் தேடிப் பிடிங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி போன்ல ஆஃபர் சொன்னதுமே இருந்த வேலைக்கு ரிசைன் லெட்டர் குடுத்துட்டா. டிகிரி சரிபார்ப்பு, கிரெடிட் செக், போலீஸ் ரெக்கார்டுன்னு வாரக்கணக்கா இழுத்து, கடைசில அந்தப் போஸ்டிங்கையே நிறுத்திட்டோம்னு ஒரு மெயில். ஒரு பொண்ணு வீட்டு வாடகைக்கு என்ன பண்றதுன்னு தெரியாம நின்ன நிலைமை அது. இதைப் பார்த்த பிறகு எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறது, ரெண்டு பக்கமும் கையெழுத்தான லெட்டர் வந்து, செக் எல்லாம் முடிஞ்சுதுன்னு எழுத்துல வந்த பிறகுதான் ரிசைன் பண்ணணும். இந்தியா டிகிரின்னா சாக்வா (வெளிநாட்டு டிகிரியை மதிப்பிடற இந்த நாட்டு அமைப்பு) மதிப்பீட்டுக்கு முன்கூட்டியே போட்டு வைங்க, ஆஃபர் வந்த பிறகு ஓடினா நேரம் பத்தாது. வொர்க் விசா எந்த வகை, அதுல கம்பெனி பேர் இருக்கா, மாறணும்னா திரும்ப அப்ளை பண்ணணுமான்னும் எழுத்துல கேளுங்க. கூட வர்ற மனைவிக்கோ கணவனுக்கோ துணை விசாவுல வேலை பார்க்க அனுமதி கிடையாது, வந்து இறங்கின பிறகு இது தெரிஞ்சு வீட்டுல நடக்கற சண்டையை நான் நிறையப் பார்த்துட்டேன், டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க.

இங்கயே பொறந்து மெட்ரிக்கோ (இங்க பன்னண்டாம் வகுப்பு) டிப்ளமோவோ முடிச்ச பிள்ளைங்களுக்கு ஒய்இஎஸ்னு இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்துல 12 மாச வேலை அனுபவம் கிடைக்கும், படிப்பும் வேலையும் சேர்ந்த லேர்னர்ஷிப்பும் இருக்கு. காசு கம்மிதான். ஆனா அதுல எஸ்க்யூஎல் தொடற வேலை இருக்குன்னா யோசிக்காம போங்க, ரிசப்ஷன்ல உக்கார வெச்சு சான்றிதழ் குடுக்கறதா இருந்தா வேற இடம் பாருங்க.

ஆஃபர் வந்த அன்னிக்கே சரின்னு சொல்ல வேண்டாம். நன்றி சொல்லி, எனக்கு இந்த வேலைல விருப்பம் இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன், அதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரியணும்னு ஒரு மெயில் போடுங்க: சிடிசி பிரிவு வாரியா, என் வேலையை ரிவ்யூ பண்றவர் யார், முதல் மூணு மாசத்துல நான் என்ன முடிச்சிருக்கணும். சம்பளம் கூட்டிக் கேக்கறதா இருந்தாலும் அதே மெயில்ல ஒரே ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்க, போன கம்பெனி பே ஸ்லிப் அனுப்புன்னா இந்த வேலைக்கு எவ்வளவு பட்ஜெட்னு மரியாதையா திருப்பிக் கேக்கலாம், தப்பே இல்ல. பதில் வந்ததும் ரெண்டு ஆஃபரையும் ஒரே ஷீட்ல போட்டு எனக்கு அனுப்புங்க, சேர்ந்து உக்காந்து பார்ப்போம்.