இரண்டு விரல் இடைவெளி

அக்டோபர் 15, 2024, செவ்வாய்

நாய் விடுதியின் படிவம் நான்கு பக்கம். எதற்குப் பயப்படுவாள்? எங்கே தூங்குவாள்? சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் வந்தால் உறுமுவாளா? என்ன பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள்? மிளகு, மிளகாய்ப்பொடி, அடியே என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். தடுப்பூசி அட்டை, உண்ணி மாத்திரை போட்ட தேதி, மாநகராட்சி உரிமம் எல்லாம் கையில் இருந்தன. நாய்க்கு நாய் தொற்றும் விடுதி இருமலுக்கு மட்டும் எதுவும் போட்டதில்லை. மருத்துவர் நாளை வருவார், மூக்கில் சொட்டு விட்டால் போதும், அதுவரை தனி அறையில் இருக்கட்டும் அக்கா என்றார் விடுதித் தம்பி.

கழுத்துப்பட்டையைப் பற்றி மூன்று முறை சொன்னேன். கன்னி என்ற வேட்டை நாய் இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்துதான் தடிமன். பின்வாங்கி ஒரு இழுப்பு இழுத்தால் சாதாரணப் பட்டை கையோடு வந்துவிடும், நாய் போய்விடும். இழுத்தால் இறுகுகிற பட்டைதான் போட வேண்டும், உள்ளே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தலையாட்டினார். உடனே தலையாட்டுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

திரும்பி வரும்போது கொட்டும் மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கார்களுக்காவது மேடான இடம் கிடைத்தது.

அக்டோபர் 16, புதன்

சிவப்பு எச்சரிக்கை என்றார்கள், சாரலோடு நின்றுவிட்டது. மதுரையில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மருத்துவமனையின் படிவம் ஒரே பக்கம். பெயர், வயது, காப்பீட்டு எண், பணம் கட்டுபவர் யார். அம்மா எதற்குப் பயப்படுவாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?

ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆன பிறகுதான் அறுவை. அதுவரை காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

7.10க்கு வீடியோ வந்தது. 22 விநாடி. கதவருகே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டாளா என்று கேட்டேன். பழகிவிடுவாள் அக்கா என்று பதில். நான் கேட்டது அதுவல்ல.

அக்டோபர் 18, வெள்ளி

இருவரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மிளகு தயிர்சாதம் சாப்பிட்டாளாம். கோழியும் சோறும் வேகவைத்து வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாளாம். பணிப்பெண் தனக்குக் கொண்டுவந்த தயிர்சாதத்தில் ஒரு உருண்டை வைத்ததும் வழித்துத் தின்றிருக்கிறாள். வெங்காயம் போட்டுத் தாளித்ததா என்று உடனே கேட்டேன். இல்லையாம். ஒரு நாள் வாடகை 700 ரூபாய், இறங்கியது யாரோ ஒருத்தியின் மதியச் சோறு.

அங்கே பகலில் மட்டும் வந்துபோகும் நாய்கள் எட்டு இருக்கின்றன. ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப் போகிறார்கள். பகலெல்லாம் மிளகு அவற்றோடு சுற்றுகிறாளாம். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு கார் வரும்போதும் கேட்டுக்கு ஓடுகிறாளாம். எட்டு கார், எட்டு ஓட்டம். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாளாம். நல்ல உடற்பயிற்சி அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

அறுவை முடிந்தது. இடுப்பு மூட்டில் பாதியை மாற்றியிருக்கிறார்கள். இன்றைய வீடியோவை இன்னும் பார்க்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

இரவு இரண்டரை மணிக்கு அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். "நாயை அவிழ்த்துவிட்டாயா? மழை வருகிறது, நனையும்" என்றாள். எந்த நாய் என்று கேட்டேன். முறைத்தாள். மிளகு முதன்முதலில் ஊருக்கு வந்தபோது திண்ணையைத் தாண்டி உள்ளே விடக்கூடாது என்று சொன்னவள் இவள். மயக்க மருந்துக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, சில நாளில் தெளிந்துவிடும் என்கிறார் மருத்துவர். அவிழ்த்துவிட்டேன் அம்மா என்றேன். அதன் பிறகு தூங்கினாள்.

அக்டோபர் 25, வெள்ளி

மதியம் மதுரையில் பேய் மழை. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அண்ணன் வந்துசேர இரவு ஒன்பது ஆகிவிட்டது.

விடுதியிலிருந்து செய்தி: தீபாவளிக்கு ஏலகிரி. 12 நாய்கள், இரண்டு வேன், தோட்டத்தில் கூடாரம். 30ஆம் தேதி போய் 1ஆம் தேதி திரும்புகிறார்கள். அங்கே வெடிச்சத்தம் குறைவாம். வராத நாய்களுக்கு விடுதியிலேயே ஜன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, பாட்டுப் போட்டுவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அக்டோபர் 26, சனி

போன தீபாவளிக்கு மூன்று நாள் குளியலறையில் வாளிக்குப் பின்னால் கிடந்தாள். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8, அரசு கொடுத்த நேரம் அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது. விடுதி இருக்கும் தெருவும் அப்படித்தான் இருக்கும்.

சரி, மலைக்குப் போகட்டும். போனால்? முயலைக் கண்டால் இவளுக்குக் காது கேட்காது. வேட்டைக்கென்றே வளர்த்த இனம், கண்ணில் பட்டதைத் துரத்தும், கூப்பிட்டால் திரும்பாது. இருட்டு. தோட்டத்துக் கிணறுகளுக்குச் சுவர் இருக்குமா? எங்கிருந்தோ ஒரே ஒரு வெடி கேட்டால் போதும், பின்வாங்கித் தலையை உருவிக்கொள்வாள். வேளச்சேரியில் தொலைந்தால் தெருத்தெருவாகத் தேடலாம். ஏலகிரியில் எந்தத் தெருவில் தேடுவது?

அடுத்த கட்டிலில் இருக்கும் பாட்டிக்குத் துணையாக வந்திருக்கும் அக்கா கொல்லுக்குடிப்பட்டிக்காரர். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக அவர்கள் ஊரில் வெடியே வெடிப்பதில்லை. "எங்கள் ஊரில் கொண்டுவந்து விட்டிருக்கலாமே, திருப்பத்தூரில் இறங்கினால் பக்கம்தான்" என்றார். அது சிவகங்கைத் திருப்பத்தூர். ஏலகிரி இருப்பது இன்னொரு திருப்பத்தூரில். சத்தமில்லாத இரண்டு ஊர்களுக்கும் போகும் வழியில் ஒரே பெயர். எதிலும் நான் இல்லை.

நாரைக்காக ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் அரை மணி நேரம் குறைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, நாய் வளர்ப்பவர்கள் தனி வீட்டுக்குப் போகலாம் என்று பதில் வந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

சம்மதம் அனுப்பிவிட்டேன். பட்டையில் ஒன்று, மார்புக் கச்சையில் ஒன்று, இரண்டு கொக்கி. இரவில் கூடாரத்துக்கு உள்ளேயும் கயிறு. இரண்டு விரல். திரும்பத் திரும்ப எழுதியதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அக்டோபர் 30, புதன்

14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு வள்ளலிடம் போய் வாந்தி எடுத்திருக்கிறாள். எந்த வள்ளல் என்று கேட்டேன். ஓரி என்று நினைக்கிறேன் அக்கா என்றார். பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா என்ன என்று கேட்டாள், சொன்னேன். "வெறும் வயிற்றோடு கூட்டிப் போக வேண்டாமா?" என்றாள். தெளிந்துவிட்டாள்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

காலையில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தாள். செவிலியர் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, அவள் லட்டையும் நானே தின்றேன்.

7.10. வீடியோ இல்லை.

8.00. வெளியே சரவெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

9.40. அழைத்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால். மலையில் சிக்னல் இருக்காது என்று அவரே முன்கூட்டிச் சொன்னதுதான். அந்தப் பட்டையின் தையல் ஒரு பக்கம் லேசாகப் பிரிந்திருந்தது. ஆகஸ்ட்டில் பார்த்தேன். தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்தேனா?

12.15. கொடுத்ததாக நினைவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

6.52க்கு வந்தது. 41 விநாடி. கூடாரத்துக்குள் ஒரு கிழட்டு லாப்ரடாரின் வயிற்றில் தலையை வைத்துத் தூங்குகிறாள். வீட்டு வாசனைக்காக நான் கொடுத்தனுப்பிய என் பழைய புடவை ஓரத்தில், மடித்தது மடித்தபடி. அழுதேன், கொஞ்சம் கோபமும் வந்தது.

படத்தை நிறுத்திக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுப் பட்டை, சிவப்பு நிறம். பழையதில் தையல் விட்டிருந்தது, வரும் வழியில் வாணியம்பாடியில் வாங்கினேன் அக்கா, 280 ரூபாய் என்று எழுதியிருந்தார்.

நவம்பர் 2, சனி

திங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அம்மா என்னோடு சென்னைக்கு வருகிறாள் என்று அண்ணனும் அண்ணியும் ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறார்கள். நானும் வேறெதையும் நினைத்திருக்கவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண், இன்னும் ஆறு வாரம் காலடியில் எதுவும் குறுக்கிடக்கூடாது என்றாள்: மிதியடி, ஈரம், மின்கம்பி, ஓடும் குழந்தை. "நாய் இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி, இருக்கிறது என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

விடுதிக்கு அழைத்தேன். இருபது நாள் பேசியது இருபது நாளாகவே இருக்கட்டும் என்று சொல்லத்தான் அழைத்தேன். இன்னும் பத்து நாள் இருக்கட்டும் தம்பி என்று வாய் சொன்னது. இடம் இருக்கிறது அக்கா என்றார். மாலையில் கேட்டுக்கு ஓடுகிறாளா என்று கேட்டேன். இப்போதெல்லாம் முதல் இரண்டு காருக்கு மட்டும்தான் எழுந்திருக்கிறாளாம்.