அப்பாவின் கணக்கு நோட்டில் ஒரு சவூதிப் பயணம்

தாராவி தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, தகரப் பெட்டியின் அடியில் அப்பாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. 1984-ஆம் ஆண்டுப் பக்கமொன்றில் ‘தம்பி சவூதி’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே ‘விசாவுக்கு 12,000, மூணு வட்டி’ என்று குறித்திருந்தார். சித்தப்பா வெல்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பம்பாயில் மாதம் 600 ரூபாய்க்கு வேலை பார்த்தவருக்கு, சவூதியின் தம்மாம் நகரில் நம் பணத்தில் ஏறக்குறைய 2,500 ரூபாய் கிடைத்தது.

கையும் அதே கை, தொழிலும் அதே தொழில். அப்படியிருக்க, நான்கு மடங்கு கூலி எங்கிருந்து வந்தது? கூலியைத் தீர்மானிப்பது உழைப்பவரின் திறமை மட்டுமன்று. அவரைச் சுற்றியுள்ள இயந்திரங்கள், தடையற்ற மின்சாரம், அந்நாட்டில் குவிந்திருக்கும் முதலீடு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. உலக மக்களிடையே காணப்படும் வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை, ஒருவர் எந்த நாட்டவர் என்பதைக் கொண்டே விளக்கிவிடலாம் என்கிறார் பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச். மக்கள் நாடு விட்டு நாடு போவதற்கு உள்ள எல்லைத் தடைகள் முற்றிலும் நீங்கினால் உலக உற்பத்தி 50 முதல் 150 சதவீதம் வரை உயரக்கூடும் என்னும் மதிப்பீடுகளைப் பொருளியலாளர் மைக்கேல் கிளெமென்ஸ் 2011-இல் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கோடிக்கணக்கானோர் ஒருசேர இடம்பெயர்ந்தால் சென்ற இடத்துக் கூலி பழைய அளவிலேயே நிற்காது. ஆனாலும் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் பெரிதே. இவ்வளவு ஆதாயம் இருந்தும், 2024-இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தோர் ஏறத்தாழ 30 கோடிப் பேர், அதாவது உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதத்தினர் மட்டுமே.

2023-இல் வெளிநாடு வாழ் இந்தியர் அனுப்பிய பணம் சுமார் 12,000 கோடி டாலர். ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி அதில் மகாராஷ்டிரத்தின் பங்கு 20.5 சதவீதம், கேரளத்தின் பங்கு 19.7, தமிழ்நாட்டின் பங்கு 10.4. அனுப்பும் நாடுகளில் இப்போது அமெரிக்காவே முதலிடம். படித்தவரும் வசதியுள்ளவரும் கூடுதலாகச் சம்பாதித்து அனுப்பும் காலம் இது. வெல்டர்களின் காலம் பின்னுக்குப் போய்விட்டது. மருத்துவர்களும் செவிலியரும் போவதால் ஏற்படும் இழப்பு தனியாக எழுத வேண்டிய பொருள்.

நாடுகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைக்கும் அதே பணம், ஊருக்குள் வேறோர் இடைவெளியை உண்டாக்குவதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சித்தப்பா மெத்தை வீடு கட்டினார்; அவரைப் போல் இன்னும் நால்வர் கட்டினர்; தெருவில் மனை விலை ஏறியது. வெளிநாட்டுப் பணம் வராத குடும்பங்களுக்குத் தம் சொந்தத் தெருவிலேயே ஒரு சென்ட் நிலம் எட்டாததாயிற்று. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அந்த 12,000 ரூபாயைப் புரட்ட ஜாமீன் நிற்பதற்கு ஆள் இல்லாதவர்கள், அவ்வளவே. வறுமையைப் போக்க வல்ல இந்தப் பயணம், வாசலிலேயே கட்டணம் கேட்டு மிக வறியவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

மாதம் ஆயிரம் வீதம் கட்டி, அந்தக் கடன் அடைய பதினாறு மாதம் ஆயிற்று என்று நோட்டு சொல்கிறது. இன்று பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே என்று விதி இருக்கிறது. ஆனால், கத்தாருக்கு எலக்ட்ரீசியனாகப் போகவிருக்கும் எங்கள் தெருப் பையனிடம் ஏஜென்ட் ஒருவர் கேட்டிருப்பது 1,60,000. பத்தாவது தேறாததால் அவனுடையது ஈசிஆர் பாஸ்போர்ட்; அதாவது, வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். விதிகளின் பாதுகாப்பு முதலில் சேரவேண்டியது இவனைப் போன்றவர்களுக்குத்தான்.

“அண்ணே, எத்தனை மாசத்துல அடையும்னு பார்த்துச் சொல்லுங்க” என்று போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து உட்கார்ந்தான். வட்டி இன்றும் அதே மூன்று ரூபாய்தான். மாதம் 25,000 அனுப்புவதாக வைத்து, அப்பாவின் நோட்டிலேயே எஞ்சியிருந்த வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டாவது மாதத்தில்தான் கடன் தீர்ந்தது. விதிப்படியான கட்டணத்தை வைத்து மறுபடியும் போட்டேன். இரண்டாவது மாதத்திலேயே தீர்ந்தது. இரண்டு கணக்கையும் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.