13 அங்குல ரிம்முக்குள் பெரிய பிரேக்: பழைய சத்ரியாவில் செய்து பார்த்தது

பழைய சிறிய காருக்குப் பெரிய பிரேக் போட வேண்டும் என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும், முதலில் 15 அங்குல ஸ்போர்ட் ரிம் வாங்கிப் போடுங்கள் என்பார்கள். ரிம் பெரிதானால் உள்ளே இடம் தானாகக் கிடைத்துவிடும் என்பதால் அவர்கள் சொல்வது தவறில்லை. என்னுடைய புரோட்டோன் சத்ரியா 1.3 நாள்தோறும் ஓடும் சாலையை மனத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் அந்த யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. மலேசியாவின் பேராக்கில் உள்ள பீடோரில் இருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பிய சிறிது தூரத்திலேயே தார் முடிந்து செம்மண்ணும் சரளைக்கல்லும் தொடங்கிவிடும். குலை ஏற்றிய லாரிகள் மழைக்காலத்தில் அறுத்துப்போட்ட பள்ளங்களும் அதிலேயே இருக்கும்.

என் 13 அங்குல ரிம்முக்குரிய 175/70 ஆர்13 டயரின் பக்கச்சுவர் 122.5 மி.மீ. உயரம் உடையது. 15 அங்குல ரிம்முக்குரிய 195/50 ஆர்15 டயரில் அது 97.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. இரண்டின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், முறையே 575 மற்றும் 576 மி.மீ.; ஆகவே வேகமானி தவறு காட்டாது, வண்டியின் உயரமும் மாறாது. மாறுவதெல்லாம் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர்தான். அந்த 25 மி.மீ. ரப்பரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதோடு, தொழிற்சாலை போட்டு அனுப்பிய இரும்பு ரிம்மும் அதன் மூடியும் அந்த வண்டிக்கு அழகு என்றே நான் உண்மையாக நம்புகிறேன். எனவே ரிம்மைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பெரிய பிரேக் எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டி நிறுத்தும் அளவுக்கு வலுவானதாக இருந்தால், அதற்கு மேல் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். டிஸ்க் பெரிதாவதால் அந்தக் கணக்கு மாறுவதில்லை. மாறுவது சூட்டைத் தாங்கும் திறன்.

தாப்பாவில் இருந்து கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவுக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் அடிக்கடி போய்வரும் எவருக்கும் அந்தச் சூடு பழகியதுதான். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருந்து 1,000 கிலோ எடையுள்ள வண்டி இறங்கி வரும்போது 13,700 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். 90 கி.மீ. வேகத்தில் இருந்து ஒருமுறை வண்டியை முழுமையாக நிறுத்துவதற்கு 312 கிலோஜூல் போதும் என்பதால், அந்த இறக்கம் அப்படிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்களுக்குச் சமம். கியரும் காற்றும் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது முழுவதும் டிஸ்க்கில் இறங்குகிறது. பழைய செட்டோடு வழியில் உள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டி இறங்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கடினமாகி, மிதித்த அளவுக்குப் பிடிப்பு வராமல், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் கருகும் நெடி வண்டிக்குள் வந்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த நெடி வராத இறக்கம் ஒன்றுதான்.

அப்படியானால் தேட வேண்டியது டிஸ்க்கின் குறுக்களவை மட்டும் அன்று, தடிமனையும் எடையையும் சேர்த்துத்தான். ஒரு கிலோ இரும்பு 100 டிகிரி சூடேறுவதற்கு ஏறத்தாழ 46 கிலோஜூலை விழுங்குகிறது. டிஸ்க்கில் கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்த அளவுக்குச் சூட்டைத் தள்ளிப்போடும். என் வண்டியில் இருந்த டிஸ்க் 236 மி.மீ. குறுக்களவும் 18 மி.மீ. தடிமனும் கொண்டது. 14 அங்குல ரிம்மோடு வந்த புரோட்டோன் வீரா காரில் 256 மி.மீ. குறுக்களவும் 24 மி.மீ. தடிமனும் உள்ள டிஸ்க் கிடைக்கிறது. குறுக்களவில் கூடிய 20 மி.மீட்டரைவிட, தடிமனில் கூடிய 6 மி.மீட்டரும் நடுவில் அகன்றிருக்கும் காற்றுவழியும்தான் என்னை அதன் பக்கம் இழுத்தன.

பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகங்களை விற்கும் பொத்தோங் கடையில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், சக்கரம் மாட்டப்படும் ஹப், பேட்டை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிப்பர் எல்லாம் சேர்ந்த ஒரு முழு செட்டாகவே எடுத்தேன். தனித்தனியாக வாங்கி இணைப்பதைவிட இது பாதுகாப்பானது; கேலிப்பர் உட்காரும் இடத்தைத் துளையிட்டு நகர்த்தும் வேலைக்கு இதில் அவசியமே வராது. காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஹப்பின் உள்பல்லை எண்ணி, என் டிரைவ் ஷாஃப்ட்டின் பல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பந்து மூட்டு உட்காரும் கூம்புத் துளையையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேலிப்பர் பிஸ்டனின் அளவும் முக்கியம்: 51 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 54 மி.மீ. பிஸ்டன் வந்தால் அதன் பரப்பு 12 விழுக்காடு கூடும், அதற்கேற்ப, பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்ப் கூடுதலாக எண்ணெய் தள்ள வேண்டியிருக்கும், பெடலும் அந்த அளவுக்குக் கீழே போகும்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 13 அங்குலம் என்பது 330 மி.மீ. என்று கணக்குப் போட்டு, 256 மி.மீ. டிஸ்க் அதற்குள் தாராளமாக அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டிஸ்க் ஒருபோதும் இடிப்பதில்லை. இடிப்பது டிஸ்க்கின் மேல் வளைந்து உட்கார்ந்திருக்கும் கேலிப்பரின் முதுகுதான். ரிம்மும் உள்ளே நேரான குழாய் அன்று. டயரை ஏற்றி இறக்க வசதியாக, ரிம்மைச் சுற்றி ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் பள்ளம், உள்ளே இருந்து பார்த்தால் அதுவே மேடு. என் இரும்பு ரிம்மில் அச்சின் மையத்தில் இருந்து அந்த மேடு 147 மி.மீ. தொலைவில் இருந்தது, மேட்டைத் தாண்டி வண்டியின் உள்பக்கம் போனால் அதுவே 161 மி.மீ. ஆக அகன்றது. கேலிப்பர் முதுகின் உச்சி 146 மி.மீ. தொலைவில் இருந்தது. அதாவது, மேட்டுக்கு நேராக ஒரு மி.மீ. மட்டுமே மிச்சம்; அதற்குச் சற்றுத் தள்ளிப் போனாலோ தேவைக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது.

எண்ணெய் ஆலையில் பல ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறார். அளவெடுக்கும் நாளில் அவரை அழைத்து வைத்துக்கொண்டேன். "தம்பி, புது டிஸ்க்கு, புது பேட் மாட்டிட்டு அளந்து பாருங்க. தேஞ்ச பேட்ல அளந்தா அந்தக் கணக்கு பொய்யாயிடும்" என்றார். ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர் மிதந்து நகரும் வகையைச் சேர்ந்தது. வெளிப்பக்க பேட் தேயத் தேய, கேலிப்பரின் உடல் வண்டியின் உள்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஆகவே, ரிம்முக்கு அது மிக நெருங்கி நிற்பது பேட் புதிதாக இருக்கும்போதுதான். ஐயா சொன்னபடியே புதிய பேட்டை மாட்டிவிட்டுத்தான் அளவெடுக்கத் தொடங்கினோம்.

பள்ளிப் பிள்ளைகள் உருவம் செய்யும் வண்ணக் களிமண்ணைப் பட்டாணி அளவுக்கு உருட்டிக் கேலிப்பரின் முதுகிலும், வெளிப்பக்க பேட்டைப் பிடிக்க விரல்போல் நீளும் அதன் வெளிமுகத்து விரல்களிலும் ஒட்டி, ரிம்மை ஏற்றி நான்கு நட்டையும் முறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினேன். முதுகில் இருந்த உருண்டை தாளைப் போல் நசுங்கி, ரிம்மின் உள்ளே இருந்த துருவின் சொரசொரப்பு அதன் மேல் அப்படியே பதிந்திருந்தது. விரல்களில் இருந்த களிமண் 2 மி.மீ. நின்றது. சூட்டில் இரும்பு விரிவதையும், வளைவில் சக்கரம் சற்றே சாய்வதையும் நினைத்தால், எந்தப் பக்கமும் 3 மி.மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட வரம்பு.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் உலோக வளையம் போடுவது ரிம்மை வெளியே தள்ளுவதற்கு மட்டும்தான், மேல்பக்க இடைவெளிக்கு அது உதவாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த ரிம்மில் அது உதவியது. ரிம்மை 5 மி.மீ. வெளியே தள்ளியபோது அந்த மேடும் கூடவே வெளியே போனது. கேலிப்பரின் உச்சி மேட்டை விட்டு விலகி, அகன்று சரியும் பகுதிக்கு நேராக வந்து நின்றது. மறுபடியும் களிமண் ஒட்டிச் சுற்றிப் பார்த்ததில் முதுகில் 4 மி.மீ., விரல்களில் 7 மி.மீ. இருந்தது. கேலிப்பரையோ ரிம்மையோ ஓர் இழைகூட அரம் கொண்டு தேய்க்கவில்லை. அதை எவருக்கும் நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

ஸ்பேசரை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். நடுத்துளை 56.1 மி.மீ. ஹப்பை இறுக்கமாகக் கவ்வ வேண்டும், இரு முகமும் இணையாக இருக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் வலியுறுத்திச் சொன்னேன். ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு மரை நட்டின் பிடியில் இருந்து போய்விடும். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு (நட் ஏறும் ஹப் திருகாணிக்கு) நட் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது பிடிக்க வேண்டும், 1.5 மி.மீ. மரையில் அது முழுதாக எட்டுச் சுற்று. பழைய ஸ்டட்டில் அது கிடைக்காததால் 10 மி.மீ. நீளம் கூடிய ஸ்டட்டுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றி, நட்டுகளை 100 நியூட்டன் மீட்டர் விசைக்கு முறுக்கினேன். சில நாள் ஓட்டிய பின் மறுபடியும் முறுக்கிப் பார்ப்பது இதில் கட்டாயம். ரிம்முக்குள் ஒட்டும் வகைச் சமநிலை ஈயத்தை எடுத்துவிட்டு, விளிம்பில் கவ்வும் வகையைப் போடும்படி டயர் கடையில் சொன்னேன். உள்ளே ஒட்டிய ஈயம் 4 மி.மீ. இடைவெளியில் கேலிப்பரில் பட்டுத் தெறித்துவிடும்.

பிரேக் எண்ணெயை டாட் 3இல் இருந்து டாட் 4க்கு மாற்றினேன். ஈரம் ஏறிய டாட் 3 கொதிக்கத் தொடங்குவதற்கான குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரி, டாட் 4க்கு 155. இந்த எண்ணெய் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சக் கூடியது என்பதால், ஆண்டு முழுவதும் புழுங்கும் நம் ஊரில் இந்த 15 டிகிரிக்கு மதிப்பு உண்டு.

புதிய பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குவதற்கு, ஆள் நடமாட்டம் இல்லாத காலையில் நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் இருந்து 10 வரை குறைத்து, முழுமையாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, நடுவில் ஆறவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். அதன் பின்னரே மலைக்குப் போனேன். பழைய செட்டோடு கடைசியாக இறங்கியபோதும், புதிய செட்டோடு முதலில் இறங்கியபோதும் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி அருகே நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் முன் டிஸ்க்கை அளந்தேன். பளபளக்கும் இரும்பில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், டிஸ்க்கின் வெளிவிளிம்பில் சூடு தாங்கும் மங்கலான கறுப்புச் சாயத்தை ஒரு பொட்டாக வைத்து அதன் மீதே குறிவைத்தேன். பழையது 270 டிகிரியைத் தொட்டது; புதியது 190ஐ ஒட்டி நின்றது. இரண்டு முறையும் பெரும்பாலும் மூன்றாம் கியரில்தான் இறங்கினேன். முன்னால் போன வண்டிகள் அன்றன்றைக்கு வேறு என்பதால் இதைப் பரிசோதனைக்கூடத்து எண்ணாகக் கொள்ள வேண்டாம். ஆனால் கருகும் நெடி வரவில்லை, பெடலும் மேலே இருந்து கீழே வரை ஒரே மாதிரி இருந்தது.

டிஸ்க் பெரிதானதால் முன்பக்கப் பிடிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் முன்சக்கரங்கள் முன்னைவிடச் சற்று விரைவாகப் பூட்டிக்கொள்கின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இதைக் காலுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். பின்பக்க டிரம் பிரேக்கை நன்றாகச் சரிசெய்து, பின்பிரேக் தன் பங்கை ஒழுங்காகச் செய்யும்படி பார்த்துக்கொண்டேன். தோட்டத்துச் சரளைதான் இனித் தொடர்ந்து கவனிக்க வேண்டியது. சின்னக் கல் ஒன்று கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டினால் கிரீச்சென்று சத்தம் வரும், அடுத்த சுற்றிலேயே பெரும்பாலும் விழுந்துவிடும். ரிம்மின் உள்ளே மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன, ஆழமாக எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை டயரைச் சுழற்றி மாற்றும்போதும் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

மாற்றுச் சக்கரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பின்பெட்டியில் கிடக்கும் மாற்றுச் சக்கரம் வேறு வண்டியில் இருந்து வந்த 13 அங்குல ரிம்மாக இருந்தால், அதன் மேடு வேறு இடத்தில் இருக்கலாம். நடுவழியில் டயர் பஞ்சரான பிறகுதான் அது கேலிப்பரில் இடிப்பது தெரியவரும். ஆகவே என் மாற்றுச் சக்கரத்தையும் இரு முன்பக்கங்களிலும் ஏற்றி, அதே களிமண் சோதனையைச் செய்து பார்த்துவிட்டேன். இடப்பக்கம் 4 மி.மீ., வலப்பக்கம் மூன்றரை மி.மீ. இருந்தது.