வீட்டு எண் 23

2024 ஜூலை 13, சனி

வில்பரில் மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறோம். 'அமெரிக்காவின் செக் தலைநகரம்' என்று பெருமையடித்துக்கொள்ளும் சின்ன நெப்ராஸ்கா ஊர். காலையிலேயே கொலாச் சுட்டுவிட்டார். மெத்தென்ற பன்னின் நடுவே குழித்து, அரைத்த கசகசாவைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி நிரப்புவது. நம் வீட்டில் கசகசா குருமாவோடு சரி.

சாப்பிட்டதும் ஒரு தகரப் பெட்டியை என் முன்னால் வைத்தார். "எங்கள் ஆட்கள் பொஹீமியாவில் பெரிய பண்ணைக்காரர்கள். உனக்குத்தான் பொறுமை அதிகம், தேடிப் பார்." (பொஹீமியா: முன்பு ஆஸ்திரியப் பேரரசில் இருந்து, இன்று செக் நாட்டில் இருக்கும் பகுதி.) மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

மாமியாரின் கொள்ளுத்தாத்தா பிறந்த நாடு எது? 1900 மக்கள்தொகைக் கணக்கில் பொஹீமியா. 1910இல் ஆஸ்திரியா. 1920இல் செக்கோஸ்லோவாக்கியா. ஆள் ஒருவர்தான், பிறந்த ஊரும் நகரவில்லை.

பெட்டியின் அடியில் அவருடைய நிலக் கோப்பின் நகல் இருந்தது. மாமனார் எப்போதோ வாங்கி வைத்தது. குடியேறி உழுபவருக்கு அரசு நிலம் தரும் 1862 சட்டப்படி 160 ஏக்கர். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் குடியிருந்து உழ வேண்டும். (சும்மா கிடந்த நிலமில்லை, பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தம் போட்டு எடுத்தது. அந்தக் காகிதம் எந்த வீட்டுப் பெட்டியிலும் இருக்காது.) பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் சாட்சி: வீடு 14க்கு 16 அடி, ஒரு கதவு, இரண்டு சன்னல், உழுதது 35 ஏக்கர். 1874இல் வெட்டுக்கிளி பயிரை மொட்டையடித்ததால் சில மாதம் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனாராம். குடியுரிமைக்காக ஆஸ்திரியப் பேரரசரைத் துறந்த காகிதமும் இருக்கிறது. குமாஸ்தா பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார். கீழே தாத்தா, செக் முறைப்படி 'c' எழுத்தின் தலையில் கொக்கி போட்டு, அழகாகக் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஜூலை 17, புதன்

லிங்கன் நகரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியாச்சு. தென் பொஹீமியத் தேவாலயப் பதிவேடுகளை அங்குள்ள ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெயரை வைத்துத் தேடினால் கதை ஆகாது, ஒரே பெயரில் பத்துப் பேர். ஊரும் வீட்டு எண்ணும் வேண்டும். 1770களில் படைக்கு ஆள் எடுக்க வீடுகளுக்கு எண் போட்டார்கள். அந்த எண்தான் இன்று வாரிசுகளுக்குத் துணை. பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் தாளில் ஊர்ப் பெயரும் '23'ம் பென்சிலில் இருந்தன.

ஜூலை 20, சனி

கிடைத்துவிட்டது! ஞானஸ்நானப் பதிவு, வீடு 23. தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்: 'பொத்ருஹ்'. நிலமில்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் கூலி. 1848இல் நிலப்பிரபுவுக்குச் செய்த கட்டாய உழைப்பு ஒழிந்தபோது, அவரிடம் நிலம் பெற்று உழுதவர்களுக்கு அந்த நிலம் சொந்தமானது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்தேன். அப்புறம் போன் போட்டு அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் அந்த இருபத்து மூன்றாம் நம்பர் வீடு யாருடையது?"