வெள்ளை சாக்ஸ் போட்ட ஆள்

கோத்தகிரிக்குப் போகிறவர்கள் கோடநாடு காட்சிமுனைக்கும் கேத்தரின் அருவிக்கும் போய்விட்டு மலையிறங்கிவிடுவார்கள். நாங்களும் முதல் நாள் கோடநாட்டுக்குத்தான் போனோம். ஒரே மூடுபனி. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருந்ததா என்றுகூட இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. மிளகாய் பஜ்ஜி நன்றாக இருந்தது.

மறுநாள் லாங்வுட் சோலை. முதல் நாளே படியில் கால் பிசகிய கணவர் விடுதியில் தங்கிவிட்டார். பத்து வயது மகள், ஆறு வயது மகன், நான், கூடவே வனத்துறை வாச்சர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். உள்ளே நுழையும் முன் உப்பு முடிந்த ஒரு துணியை எடுத்து எங்கள் காலணி முழுக்கத் தேய்த்துவிட்டார். அட்டைக்காக. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம்.

சோலையின் பரப்பு 116 ஹெக்டேர்தான், முந்நூறு ஏக்கர்கூட வராது. சுற்றிலும் ஊரும் தேயிலையும். 2024இல் இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள் என்று காலையில் நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ராம்சர் என்றால் ஈரநிலம் என்று பள்ளியில் படித்திருந்த மகள், உள்ளே வந்து பத்து நிமிடத்தில், "ஏரி எங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வாச்சர் ஒரு மரத்தண்டிலிருந்து கைப்பிடி பாசியை எடுத்து அழுத்தினார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. "இதுதான் பாப்பா ஏரி. மழையைக் குடிச்சு வச்சுக்கும். கோடையில கொஞ்சம் கொஞ்சமா விடும். கீழ இருக்கற ஊருக்கெல்லாம் அதுதான் தண்ணி."

நாங்கள் வந்தது பறவை பார்க்க. நீலகிரிச் சிரிப்பான் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ சிரித்துக்கொண்டே இருந்தது, முகத்தைக் காட்டவில்லை. மலை அணில் ஒன்று வாலைக் காட்டிவிட்டுப் போனது. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி. சரி, திரும்பலாம் என்று நடந்தோம்.

பாதை வளையும் இடத்தில் மகன் என் துப்பட்டாவை இழுத்தான்.

"அம்மா, அங்க ஒருத்தர் வெள்ளை சாக்ஸ் போட்டுட்டு நிக்கறார்."

பார்த்தேன். புதர், அதன் பின்னால் மர நிழல். "யாரும் இல்லடா, வா."

"ரெண்டு பேரும்மா. நாலு கால் இருக்கு."

குனிந்தேன். அவன் உயரத்தில் புதருக்கு அடியில் இலையே இல்லை, தரைவரை திறந்து கிடந்தது. அங்கே நான்கு கால்கள். முழங்காலுக்குக் கீழே சுத்தமான வெள்ளை. பார்வையை மெல்ல மேலே கொண்டுபோனேன். மர நிழல் என்று நான் நினைத்தது நிழல் இல்லை.

காட்டெருமை. பதினைந்து எட்டு தூரம்கூட இருக்காது. தனி ஆண். கழுத்துக்குப் பின்னால் மேடாக எழும்பிய முதுகு, கொம்புகளுக்கு நடுவே வெளுத்த நெற்றி. மூக்கால் ஒரு முறை சீறியது. பிரஷர் குக்கர் விசில் வரும் முன் ஒரு சீறல் விடுமே, அதுபோல.

விலங்கைப் பார்த்தால் ஓடக் கூடாது, முதுகு காட்டக் கூடாது என்று காலை இட்லி சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தவள் நான். முதலில் திரும்பியதும் நான்தான். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாச்சர் குரலை உயர்த்தாமல், "ஓடாதீங்கம்மா. அதைப் பார்த்தபடியே பின்னாடி வாங்க. அதுக்கு வழி விட்டாப் போதும்" என்றார்.

பின்னால் நடந்தோம். அது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. ஈ உட்கார்ந்த காதை ஒரு முறை ஆட்டியது. அப்புறம் திரும்பி இரண்டு எட்டு வைத்தது, காணோம். ஆண் கிட்டத்தட்ட ஒரு டன் வரை இருக்குமாம். அவ்வளவு பெரிய உடம்பு போனதற்கு ஒரு சுள்ளிகூட முறியவில்லை. எனக்கு முழங்கால் நடுங்கியது அதற்குப் பிறகுதான்.

வெளியே வந்ததும் வாச்சருக்குப் பேச்சு வந்துவிட்டது. இது எருமையே இல்லை, மாட்டு இனம் என்றார். முன்பு இதற்குப் புல்வெளி நிறைய இருந்தது, தேயிலையும் சீகை மரமும் வந்து அது சுருங்கிவிட்டது, அதனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே முளைக்கும் புல்லைத் தேடி ஊர் ஓரம் வருகிறது, செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறவர்கள்தான் குத்து வாங்குகிறார்கள் என்றார். சங்கப் பாடல்களில் இதற்கு 'ஆமா' என்று பெயர் என நான் என் பங்குக்குச் சொன்னேன்.

"ஆமாவா?" என்றான் மகன்.

"ஆமா."

விடுதிக்குப் போகும்வரை இருவரும் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கணவர் முதலில் கேட்டது, "போட்டோ எங்கே?" எடுக்கவில்லை. நம்பாததுபோல் தலையாட்டினார். மறுநாள் பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது மகன் ஒவ்வொரு புதரடியிலும் குந்திக் குந்திப் பார்த்தான். ஒரு தேயிலைச் சரிவில், "அப்பா, வெள்ளைக் கால்!" என்று கிசுகிசுத்தான். பிசகிய காலோடு அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார்.

ஒரு நாய் படுத்திருந்தது.