கால் ஆஃப் என்றால் அழைப்பு அன்று

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலைக் கூட்டம் ‘கால்ட் ஆஃப்’ என்று வந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, ‘கால்’ என்றால் அழைப்புதானே என்ற துணிவில் குறிப்பேட்டுடன் போய், ஆளில்லாத அறையில் அரை மணி நேரம் தனியாக அமர்ந்திருந்தேன். கூட்டம் ரத்து என்பதைக் காவலாளி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஆங்கிலத்தின் இந்த ஃப்ரேசல் வெர்ப்கள் அயலாருக்குப் பெருந்தொல்லை என்பதை, 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘புட்’ என்ற ஒரு சொல்லையே பாருங்கள்: ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுதல், ‘புட் அவுட்’ என்றால் நெருப்பை அணைத்தல், ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல். நாம் மட்டும் என்ன, ‘போடு’, ‘கொடு’ இரண்டையும் சேர்த்துப் ‘போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்று கோள்மூட்டியதைச் சொல்லவில்லையா? அதைத் தமிழ் கற்கும் ஒருவருக்கு விளக்கிப் பார்த்தால் தெரியும்.

பொருளைவிட என்னை அதிகம் படுத்துவது சொல்வரிசைதான். விளக்கை அணைக்கச் சொல்ல ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் விளக்கின் இடத்தில் ‘இட்’ வந்துவிட்டால், அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ இப்படிப் பிரிவதே இல்லை. ஆகவே, பட்டியல்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் ‘இட்’ சேர்த்தே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது ‘கால் இட் ஆஃப்’.