மெமரி இருக்கிறது, ஆனால் கிடைக்காது

சர்வர் அப்ளிகேஷன் எழும்பவே மாட்டேன் என்றது. ஜாவாவில் எழுதியது, ஸ்டார்ட் ஆகும்போதே 10 ஜிபி ஹீப், அதாவது தன் டேட்டாவை வைக்கும் மெமரி, கேட்கும். மெஷினில் ராம் 16 ஜிபி, ஸ்வாப் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) கிடையாது. ஃப்ரீ கமாண்ட் அடித்தால் 13 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஆனாலும் லாகில் எம்மேப் (கெர்னலிடம் மெமரி கேட்கும் அழைப்பு) தோல்வி, பிழை எண் (எர்நோ) 12. அதாவது மெமரி ஒதுக்க முடியவில்லையாம்.

எக்ஸ்எம்எஸ் மதிப்பை, அதாவது ஸ்டார்ட்டில் கேட்கும் ஹீப் அளவை, குறைத்துப் பார் என்பார்கள். குறைத்தால் எழும்பத்தான் செய்யும். அப்புறம் லோடு ஏறி ஹீப் வளரும்போது, எல்லோரும் வேலை பார்க்கும் நேரமாகப் பார்த்து விழும். விழுவதானால் என் கண் முன்னால், ஸ்டார்ட்டிலேயே விழட்டும் என்கிற கட்சி நான்.

ஜாவா இப்படி விழும்போது எச்எஸ்-எர் என்று தொடங்கும் ஒரு கோப்பை விட்டுவிட்டுப் போகும். அதன் நீளத்தைப் பார்த்தே பலர் மூடிவிடுவார்கள். கீழே போய்ப் பார்த்தால், விழுந்த நேரத்து மெம்இன்ஃபோ, அதாவது கெர்னலின் மெமரி கணக்கு, அப்படியே இருக்கும். அதில் கமிட்லிமிட் என்ற வரி வெறும் 8 ஜிபி என்றது. சரி, ஆள் அகப்பட்டுவிட்டான்.

ஓவர்கமிட் மெமரி செட்டிங் 2 என்று இருந்தால், லினக்ஸ் கெர்னல் எவ்வளவு ராம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இதுவரை எவ்வளவு தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்றுதான் கணக்குப் பார்க்கும். அதற்கான வரம்புதான் கமிட்லிமிட்: ஸ்வாப் முழுவதும், கூடவே ராமில் 50 சதவீதம், அதுதான் டிஃபால்ட். ஸ்வாப் இல்லாத 16 ஜிபி மெஷினில் அது 8. 10 கேட்டால் எங்கிருந்து கொடுக்கும்?

இந்த மெஷினிலும் 2 என்றுதான் இருந்தது. யார் வைத்தது? முன்பு இதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடியது. போஸ்ட்கிரெஸ் ஆவணங்களே இந்த மதிப்பைப் பரிந்துரைக்கின்றன, நியாயமான காரணத்தோடுதான். டேட்டாபேஸ் வேறு மெஷினுக்குக் குடிபோய்விட்டது. செட்டிங் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதை, அந்த வரம்பு செல்லாத டிஃபால்ட் மதிப்பான 0 ஆக்கி, ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்படி சிஸ்கண்ட்ரோல் கோப்பிலும் மாற்றினேன். எக்ஸ்எம்எஸ்ஸைத் தொடவே இல்லை, அப்ளிகேஷன் எழும்பிவிட்டது.

கண்டெய்னருக்குள் ஓடுகிறதென்றால் கதை வேறு. கண்டெய்னருக்கு மெமரி அளவு விதிக்கும் சிகுரூப் வரம்பு, மெமரி கேட்கும்போது மறுக்காது. கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, பக்கங்களைத் தொட்டு நிரப்பும்போது பிராசஸையே கொன்றுவிடும். எக்ஸிட் கோடு 137 (வெளியிலிருந்து கொல்லப்பட்டதன் அடையாளம்) என்று வந்தால் கமிட்லிமிட் பக்கம் போகாதீர்கள். கெர்னல் லாகில் ஓஓஎம் (மெமரி தீர்ந்துவிட்டது) வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.